ரேடியோவுக்கு பல்பு கொடுத்தது யார்?

உங்கள் வீட்டு ரேடியோ கரகரக்கிறதா? அவசரப்பட்டு அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். குற்றவாளி உங்கள் தலைக்கு மேலேயே பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கலாம்.

தேவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஏலமலை சுவர் மாதிரி நிற்கிறது. வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் கொடைக்கானல். கோடை பண்பலை 100.5 அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மொட்டை மாடி ஆன்டெனாக்களும் கொடைக்கானலைத்தான் பார்த்து நின்றன. "இப்பத் தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்ற கூச்சல் ஞாபகம் இருக்கிறதா? கேபிளும் டிஷ்ஷும் வந்தன. தூர்தர்ஷனும் 2022 வாக்கில் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைப் பெரும்பாலும் மூடிவிட்டது. மிச்சம் ரேடியோதான்.

அதற்கும் "இங்க சிக்னலே இல்லீங்க, பூஸ்டர் போடுங்க" என்று ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. என்ன அநியாயம்! பாட்டோடு இரைச்சலையும் சேர்த்தல்லவா பூஸ்டர் பெரிசாக்கும்?

காசே இல்லாத சோதனை ஒன்று உண்டு. ரேடியோவை பேட்டரியில் பாடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். கரகரப்பு போயே போச்சா? அப்போ திருடன் வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டுங்கள். பெரும்பாலும் மலிவு விலை எல்.இ.டி. பல்போ, செல்போன் சார்ஜரோ மாட்டும். அதற்குள் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் கொடுக்கிறார்கள். அதில் கிளம்பும் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் வேண்டும். சில ரூபாய் சமாசாரம். அதை மிச்சம் பிடித்துவிட்டு, அட்டைப் பெட்டியில் 'சிக்கனம்' என்று அச்சடிக்கிறார்கள்! யாருக்குச் சிக்கனம்?

மெயினை அணைத்தும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் தெருக் கம்பத்தில் எங்கேயாவது பொறி பறக்கலாம், ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். இரைச்சல் இல்லை, சத்தம்தான் மங்கல் என்றால், குச்சி ஆன்டெனாவை முக்கால் மீட்டர் நீட்டி வடகிழக்கு ஜன்னலோரம் வையுங்கள்.

"யார் சார் இப்போ ரேடியோ கேக்குறாங்க?" என்கிறீர்களா? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. ரேடியோ மலையைத் தாங்கிப் பிடிக்காதுதான். ஆனால் டவர் படுத்துவிட்ட ராத்திரியில் இரண்டு பேட்டரியில் மழைச் செய்தி சொல்ல வேறு எது இருக்கிறது? மத்திய அரசே 2023-ல் செல்போன் கம்பெனிகளிடம் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்றது. அதுவும் அறிவுரைதான், சட்டமில்லை!

அடுத்த தடவை பல்பு வாங்கப் போகும்போது ரேடியோவையும் கையோடு கொண்டுபோங்கள். எரியவிடச் சொல்லிப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கரகரத்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே!