வாயில்லா ஜீவனும் நம் பொறுப்பும்



நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் இதனை அறிவார்கள். ஆயின், தூய்மைக்கென வந்த இச்சட்டத்தை, அந்த ஜீவனைக் கல்லெறிந்து துன்புறுத்துவதற்கான அனுமதியாகக் கொள்வோரும் நம்மிடையே உளர். இது பெருந்தவறு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று அறிவித்தவர்களும் அதே அண்ணலார்தாம்.

வேட்டைக்கும், கால்நடை, பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடமளிக்கிறது. அவ்வாறு வளர்ப்பவர் உணவிடுவதோடு கடமை முடிந்ததென எண்ணலாகாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், தெருவில் அவிழ்த்து விடாதிருப்பதும் அவர் பொறுப்பே. இன்று கைவிடப்படும் குட்டியே நாளைய தெருநாய்.

நாய் வளர்க்காதோருக்கும் பங்குண்டு. இறைச்சிக்கடைக் கழிவும் குர்பானிக் கழிவும் தெருமுனையில் கிடந்தால் நாய்கள் அங்கே கூடும். சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் முதியவரும், மதரஸாவுக்கு ஓதச் செல்லும் சிறுவரும் அவ்வழியேதான் நடக்க வேண்டும். கழிவுகளை ஆழப் புதையுங்கள். நாய்களுக்கு நஞ்சிடுவது தீர்வன்று; மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் அது முரணானது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை 2023ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. அதனைக் கேட்டுப் பெறுவது மஹல்லா ஜமாஅத்தின் கடமை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பவர் அரிதினும் அரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ தடவாதீர்கள். தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். துஆ கேளுங்கள், மருந்தும் செய்யுங்கள். மருத்துவம் செய்துகொள்ள ஏவியதும் நபிவழியே.

பாத்திரத்தை ஏழு முறை கழுவும் நாம், பிள்ளையின் காயத்தைக் கழுவத் தயங்கலாமா? சிந்தியுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குக் கருணையையும் விவேகத்தையும் அருள்வானாக! ஆமீன்.