கம்பியைப் பிடித்தால் 'குவாண்டம்' ரிப்போர்ட்டா?

கையில் ஓர் உலோகக் கம்பி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். ஒரு நிமிடத்தில் கல்லீரல், சிறுநீரகம், எலும்பு என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட். பெயர் 'குவாண்டம் ரெசொனன்ஸ் அனலைசர்'. நாமகிரிப்பேட்டை போன்ற ஊர்களில் இலவச முகாம் என்றால் பெரியவர்கள் நம்பிப் போய்விடுகிறார்கள். குவாண்டம் நிலையைக் கண்டறிய உண்மையில் என்ன வேண்டும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு துகள் 'மேல்', 'கீழ்' இரண்டு நிலைகளிலும் ஒருசேர இருக்கலாம். அவற்றுக்கிடையே ஒரு கட்டத் (phase) தொடர்பும் இருக்கும். இதுவே ஓரியல் தன்மை. மேலா கீழா என்று நேராக அளந்தால் இது பிடிபடாது. பாதி தடவை மேல், பாதி தடவை கீழ் என்று வரும். பூவா தலையா போட்டு அமைத்த வெறும் கலவையிலும் அப்படித்தான் வரும். அளப்பதற்கு முன் தக்க துடிப்பு ஒன்று கொடுத்து இரு நிலைகளையும் குறுக்கிட வைக்க வேண்டும். அப்போது ஓரியல் தன்மை உள்ள துகள் எப்போதும் ஒரே விடை தரும். கலவை பாதிக்குப் பாதியிலேயே நிற்கும்.

சேலத்துக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் இந்தச் சோதனைக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள். 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். அதற்குள்ளும் உடம்பின் ஹைட்ரஜன் கருக்களில் மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்துதான். சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ துடிப்பு பட்டதும் அந்தச் சிறு மிச்சம் ஒரே கட்டத்தில் சுழன்று, அருகிலுள்ள கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது. கட்டம் சிதறினால் சிக்னல் அணைந்துவிடும். மூளைத் திசுவில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி நிற்கும். மூளையைச் சூழ்ந்த திரவத்தில் இன்னும் வெகுநேரம். டாக்டர் பார்க்கும் பல படங்களில் வெளுப்பும் கருப்பும் இந்த வித்தியாசத்தால் வருபவை. சிக்னல் அணைந்ததற்குக் காந்தப்புலத்தின் மேடுபள்ளம் காரணமாக இருந்தால், இரண்டாவது துடிப்பு கொடுத்து அதை எதிரொலியாக மீட்கலாம். இதை 1950-இல் எர்வின் ஹான் காட்டினார். எதிரொலியிலும் திரும்பாததுதான் உண்மையில் தொலைந்தது.

இத்தனை பெரிய காந்தமும் சுருளும் துடிப்பும் இல்லாமல், கையில் பிடித்த கம்பி எந்தக் கருவின் கட்டத்தை அளக்கும்? தோலின் மின்தடையை வேண்டுமானால் அளக்கலாம். கல்லீரலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்காதீர்கள். 'எல்லாம் நார்மல்' என்று வந்ததை நம்பி, சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.