வேர்க்காத தாத்தா!

"எங்க தாத்தாவைப் பாருங்க சார், எண்பது வயசு! நமக்கெல்லாம் சட்டை ஊறிப்போகுது, அவருக்கு ஒரு பொட்டு வேர்வை கிடையாது. அந்தக் காலத்து உடம்பு!"

கோடை வந்தால் பஸ்சிலும் டீக்கடையிலும் கேட்கிற பேச்சு இது. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டிய சங்கதி!

உடம்புச் சூடு 98.4 டிகிரியைத் தாண்டக் கிளம்பினால் ரத்தம் தோல் பக்கம் ஓடி வருகிறது. வேர்வை சுரக்கிறது. அது காயும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான்.

வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, சுரப்பதுதான் குறைகிறது. இளவட்டத்துக்குச் சட்டென்று துளிர்க்கும் வேர்வை, பெரியவருக்கு உடம்பு நன்றாகச் சூடேறிய பிறகே வருகிறது. தோலுக்குப் போகும் ரத்தமும் குறைவு.

இதைவிடப் பொல்லாதது, தாகம் சரியாக எடுக்காதது. உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். "தண்ணி வேணுமா?" என்றால் "வேணாம்ப்பா" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை! எனவே கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். டம்ளரைக் கையில் கொடுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட இருதய நோயாளி என்றால் டாக்டரை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது.

சென்னையில் இன்னொரு வில்லங்கம், கடல் காற்றின் ஈரம். வருகிற கொஞ்சநஞ்ச வேர்வையும் காயாமல் வழிந்து போகிறது. வழிகிற வேர்வை குளிர்ச்சி தராது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறிக்கொள்வதுதான் பெரியவர்களுக்குக் கைகண்ட வழி.

வெளியே போனால்தானே ஆபத்து என்று நினைப்பதும் தப்பு. 2003 மே 31-ல் மீனம்பாக்கத்தில் 113 டிகிரி அடித்ததே, அதே வருஷம் ஆகஸ்டில் பிரான்சில் வெயிலுக்குச் சுமார் 15,000 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். பலர் வீட்டுக்குள் தனியாகக் கிடந்தவர்கள். நம் வீடுகளில் தாத்தாவுக்கு ஒதுக்கும் இடம் எது? ஷீட் போட்ட மாடி அறை!

பெரியவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், உடம்பு அனலாய்க் கொதித்தால், "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். சூடு 104 டிகிரியைத் தொட்டிருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சரி, செத்த பிறகு 4 லட்சம். சாகாமல் இருக்க நாலடி நிழல் கிடையாதா?

ரேஷன் கடை வாசலிலும், பாங்க் வாசலிலும் உச்சிவெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களே பாட்டிமார்கள், அவர்களுக்குக் காலையில் முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினால் யாருக்கு நஷ்டம்? கியூ நிற்கும் இடத்துக்கு ஒரு கீற்றுப் பந்தல், உட்கார ஒரு பெஞ்ச், ஒரு பானைத் தண்ணீர். இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை. கத்திரி பிறப்பதற்குள் அதிகாரிகள் போட்டுவிட வேண்டும்.