முதலில் மண்ணைச் சோதியுங்கள். பிறகு அடிக்கல்லை நாட்டுங்கள்!

காங்கேசன்துறையில் தொழிற்பேட்டை எழப்போகின்றது என்கின்றனர் ஆட்சியாளர். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்று இடங்களும் இதற்கெனக் குறிக்கப்பட்டன. வேலையின்றி வாடும் எமது இளைஞருக்குத் தொழில் வேண்டும் என்பதில் நாம் எவருக்கும் பின்நிற்பவர்களல்லர். ஆயினும் அடிக்கல் நாட்ட வருவோரிடம் ஒரு கேள்வியைக் கேட்காதிருக்க எம்மால் இயலாது. அந்தக் கடற்கரை மண்ணுக்குள்ளே என்ன புதைந்து கிடக்கின்றது?

1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, நாற்பது ஆண்டுகள் எமது நிலத்தின் சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்து அரைத்தது. அந்தச் சீமெந்தினால் நாடெங்கும் கட்டிடங்கள் எழுந்தன. இங்கே சுட்ட கிளிங்கர் காலியிலுள்ள ஆலைக்கும் போயிற்று. 1990இல் போர் ஆலையை மூடியது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கல் போயிற்று, காசும் போயிற்று. எமக்கு எஞ்சியவை பாழடைந்த கட்டிடங்களும், கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களுமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் உண்டா? இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அதுவே எமது கிணற்று நீர். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கூறும் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும் என்பதும் அதே கணக்கே. இத்தகைய நிலத்தில் கடலோரத்துக் கல்லை ஆழத் தோண்டிவிட்டு, அயற் கிணறுகளுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராயாதிருப்பது எந்த நீதி?

கல் மட்டுந்தானா? பழைய சீமெந்து ஆலைகளின் நிலத்திலே தேடவேண்டியவை எவையென உலகம் அறியும். உலை எண்ணெய்த் தாங்கிகள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கசிவு. உலைகளின் உள்ளே பதித்த செங்கற்களிலிருந்து குரோமியம். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் நச்சுச் சேர்மங்கள். சிதைந்த கூரைத் தகடுகளில் கல்நார். குவித்த உலைத் தூசியின் காரம். இவை யாவும் காங்கேசன்துறையில் உள்ளன என்று நாம் சாதிக்கவில்லை. உள்ளனவா இல்லையா என்பதைச் சோதித்து ஊரறியச் சொல்லுங்கள் என்றே கேட்கின்றோம்.

மாரியிலே ஒரு கிணற்றில் ஒரு போத்தல் நீரை அள்ளி, "குற்றமில்லை" என்று அறிக்கை எழுதுவது சோதனையாகாது. எண்ணெய் நீரின் மேலே மிதக்கும். வேறு சில இரசாயனங்கள் அடியில் இறங்கும். வெடிப்புக் கல்லிலே மாசு நேர்கோட்டில் நடவாது. ஒரு கிணற்றைத் தொடாமல் அடுத்த கிணற்றைக் கெடுக்கும். ஆகவே ஆலையின் பழைய வரைபடங்களையும், அங்கு வேலைசெய்த முதியோரின் நினைவையும் கொண்டு, எங்கே எது நின்றது என்பதை முதலில் வகுக்கவேண்டும். அதன்பின் துளையிட்டு, வெவ்வேறு ஆழத்தில் மண்ணையும் நீரையும் எடுக்கவேண்டும். மாரியிலும் கோடையிலும், நிலத்துப் பக்கமும் கடற்பக்கமும் எடுக்கவேண்டும்.

"முப்பத்தைந்து மழை பெய்து கழுவிவிட்டதே, இனி என்ன சோதனை?" என்பார் சிலர். மழை கழுவியது எங்கே போயிற்று? எமது கிணற்றுக்கன்றோ! "சோதனை என்றால் முதலீட்டாளர் அஞ்சி ஓடுவர்" என்பார் வேறு சிலர். கையில் அறிக்கையின்றி நிலம் வாங்குபவனல்லவா அஞ்சவேண்டியவன்?

சுண்ணாகம் கற்பித்த பாடம் இதற்குள் மறந்துபோயிற்றா? மின்நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது மக்கள் கூக்குரலிட்டனர், அதிகாரிகள் குழு அமைத்தனர், குழுக்கள் வாதிட்டன. இறுதியில் 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றமே தலையிட்டு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி, மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட நீர் பணத்தால் மீளுமா? காங்கேசன்துறை ஆலையோ அரசின் உடைமையாக இருந்தது. அங்கே மாசு இருக்குமாயின், ஈடுசெய்யவேண்டியவர் யார் என்பதை ஆட்சியாளருக்கு நாம் சொல்லவும் வேண்டுமா?

எமது கோரிக்கைகள் மூன்று. தொழிற்பேட்டைக்கு ஒரு கல்லேனும் நடுமுன் மண்ணும் நிலத்தடி நீரும் முழுமையாக ஆராயப்படவேண்டும். ஆய்வைச் செய்வோர் அங்கே முதலிடுவோரின் கூலிபெறாதவராய் இருக்கவேண்டும். அறிக்கை தமிழில் அச்சாகி, மாவிட்டபுரம், கீரிமலை, தையிட்டி மக்களின் கையில் சேரவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதைக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கின்றது. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் அடிக்கல் விழாவின் முன்வரிசை நாற்காலியைத் தேடுமுன், இந்த அறிக்கையைத் தேடுவார்களாக.

முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டாண்டு காத்திருந்து ஊர் திரும்பியவர் முதலில் இறைத்தது தம் கிணற்றையே. நிலத்தை மீட்டுத் தந்தோம் என்று பெருமை பேசும் அரசாங்கம், அந்தக் கிணற்றின் நீரைக் குடிக்கலாமா என்பதற்கு விடை தரட்டும். அந்த விடை வரும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.