பத்து அறை, தோட்டம், நூலகம்... பட்டா யார் பேர்ல?

மாரண்டஹள்ளியில் எனக்கு ஒரு தங்கச்சி முறை. ஓசூரில் வேலை. வாரக் கடைசியில் ரயிலைப் பிடிச்சு ஊருக்கு வந்துடுவா. வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அஞ்சு பேர். ஆனா அவ போனுக்குள்ள ஒரு அரண்மனையே இருக்கு. வளைஞ்சு ஏறும் மாடிப்படி, டிராகன் தலை மாட்டின வரவேற்பறை, கண்ணாடிக் கூரை போட்ட நூலகம். இந்தப் பொங்கலுக்குப் போனப்போ அதைப் பாட்டிக்குக் காட்டிட்டு இருந்தா. பாட்டி ரொம்ப நேரம் பார்த்துட்டு ரெண்டே கேள்வி கேட்டாங்க. "எத்தன சதுரம்டி?" அதுக்கு அவ சிரிச்சா. "பட்டா யார் பேர்ல இருக்கு?" அதுக்கு அவகிட்ட பதில் இல்லை.

உங்க போனிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். சோபாவை எங்கே போடுறது, திரைச்சீலைக்கு என்ன கலர்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்திருப்பீங்க. "சும்மா கேம்தானே"ன்னு யாராவது சொன்னா கோபம் வரும். நியாயமான கோபம்தான். அதில் போன நேரம் நிஜம், சில சமயம் காசும் நிஜம்.

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க விளையாட்டு'ன்னு நினைக்கிறவங்க, 2004 வரைக்கும் தருமபுரியோடு ஒரே மாவட்டமா இருந்த கிருஷ்ணகிரியைப் பாருங்க. 2022 பிப்ரவரி 6-ம் தேதி அங்கே சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு கல்யாணம். கொரோனா கட்டுப்பாடு இருந்த நேரம், நிறைய பேரைக் கூப்பிட முடியாது. தாலி கட்டினது ஊரில், ரிசப்ஷன் மெட்டாவெர்ஸில். மணமக்கள் ஹாரிபாட்டர் ரசிகர்கள். அதனால ஹாக்வார்ட்ஸ் பாணியில் ஒரு மண்டபத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி அலங்கரிச்சாங்க. விருந்தினர்கள் தங்களுக்குன்னு ஒரு உருவத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போனாங்க. உலகம் முழுக்க செய்தியாச்சு.

எல்லாரையும் நிறுத்திப் பார்க்க வைத்தது அலங்காரம் இல்லை. மணப்பெண்ணின் அப்பா முந்தின வருஷம் இறந்துட்டார். அந்த மண்டபத்தில் அவர் உருவத்தையும் செஞ்சு நிறுத்தினாங்க. அதைப் போய் 'சும்மா கேம்'னு சொல்லிட முடியுமா?

இப்போ பாட்டியோட கேள்விக்கு வருவோம். நீங்க 'ஒப்புக்கொள்கிறேன்'னு படிக்காமலேயே அழுத்தின அந்த நீளமான ஒப்பந்தத்தில்தான் பதில் இருக்கு. அந்த வீடு உங்களுக்கு விற்கப்படலை. உள்ளே போய் வர அனுமதி மட்டும்தான் கொடுத்திருக்காங்க. நம்ம ஊர் பாஷையில் சொன்னா, வாடகை வீட்டுக்கு நீங்க சொந்தக் காசில் டைல்ஸ் ஒட்டியிருக்கீங்க.

வீட்டுக்காரர் எப்படிங்கிறதும் கேமுக்கு கேம் மாறும். 'ஃபைனல் ஃபேன்டஸி 14'-ல் மனைகள் குறைவு, ஆசைப்படுறவங்க அதிகம். அதனால 2022-லிருந்து குலுக்கல் முறை. பெரிய வீடு கிடைச்சவங்களைப் பார்த்தா மத்தவங்களுக்கு வயிறெரியும். கிடைச்சாலும் நிம்மதி கிடையாது. 45 நாள் அந்த வீட்டுக்குள் காலடி வைக்கலைன்னா இடிச்சிடுவாங்க. செமஸ்டர் பரீட்சை, அம்மாவுக்கு ஆபரேஷன்னு நீங்க ஒதுங்கியிருந்தா போச்சு. (கொரோனா காலத்தில் இடிக்கிறதை நிறுத்தி வெச்சாங்க, அதையும் சொல்லணும்.) 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' வேற ரகம். மாதச் சந்தா கட்டினா வீட்டில் வைக்கிற பொருட்களோட எண்ணிக்கை வரம்பு இரண்டு மடங்காகும். ரசனைக்கும் மாதத் தவணை!

2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இத்தனை வருஷம் கழிச்சு வீடு கட்ட அனுமதிச்சப்போ, ப்ளிஸார்ட் நிறுவனம் சொன்னது கவனிக்க வேண்டியது. குலுக்கல் கிடையாது, சந்தா நின்னாலும் வீட்டைப் பறிக்க மாட்டோம்னு 2025-லேயே அறிவிச்சாங்க. போட்டிக்காரங்க மேல அவங்க ரசிகர்களுக்கு என்ன கடுப்புன்னு தெரிஞ்சுதான் பேசியிருக்காங்க.

ஆனா, வீட்டுக்காரர் நல்லவரா இருந்தா மட்டும் போதாது. ஊரே மூடிட்டா? 2009-ல் ஃபேஸ்புக்கில் எல்லாரையும் விவசாயியாக்கின 'ஃபார்ம்வில்', 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. உங்க அக்கா, அண்ணனைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க. 2018-ல் வந்த 'தி சிம்ஸ் மொபைல்' வீடு கட்டி அலங்கரிக்கவே விளையாடப்பட்ட போன் கேம். 2026 ஜனவரி 20-ல் சர்வரை நிறுத்தப் போறதா 2025 அக்டோபரில் இ.ஏ. நிறுவனம் அறிவிச்சது. ஏழு வருஷமா சேர்த்த கட்டிலுக்கும் பீரோவுக்கும் மூணு மாசம் நோட்டீஸ்.

இதுக்கு வேற வழியே இல்லைன்னு சொல்ல முடியாது. நின்டெண்டோவும் தன்னோட 'அனிமல் கிராஸிங்: பாக்கெட் கேம்ப்' கேமை 2024 நவம்பரில் மூடியது. ஆனா ஒரு தடவை காசு கொடுத்தா நெட் இல்லாமலே விளையாடுற மாதிரி தனி ஆப் கொண்டுவந்து, பழைய சேமிப்பை அதுக்கு மாத்திக்கவும் வழி விட்டாங்க. சாமான்களோட வீடு மாறுறதுக்கு லாரி அனுப்பின மாதிரி. மனசிருந்தா செய்யலாம்ங்கிறதுக்கு இதுவே சாட்சி.

ஐரோப்பாவில் இதை வெச்சு ஒரு இயக்கமே நடக்குது. 'தி க்ரூ' என்ற கார் கேம் 2024-ல் நிறுத்தப்பட்ட கோபத்தில் ஆரம்பிச்ச 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்', 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, வெறும் அனுமதியை விற்கிறவங்க அதை வெளிப்படையா சொல்லாம 'வாங்குங்கள்'னு பட்டன் வைக்க முடியாது.

இங்கே? 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றின ஆன்லைன் கேமிங் சட்டம் காசு கட்டி காசு ஜெயிக்கிற ஆட்டங்களைத் தடை செஞ்சது. சந்தா கட்டி பொழுதுபோக்குக்கு விளையாடுறதுக்கு அதில் இடம் இருக்கு. ரம்மியால் அழிஞ்ச குடும்பங்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு முதல் கவலை அதுவாத்தான் இருக்கும். ஆனா சூதாட்டம் எதுவுமில்லாம, நேர்மையா காசு கொடுத்து வாங்கின அலமாரி காணாமப்போனா யாரைக் கேட்கிறது? அந்தச் சட்டம் எழுதப்பட்டது இதுக்காக இல்லை.

'அப்போ விளையாடாதீங்க'ன்னு சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. அஞ்சு பேர் படுக்கிற ஹாலில் ஒரு பொண்ணுக்குத் தனியா கதவு சாத்திக்க இடமில்லை. சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டணும்னாலும் அப்பாகிட்ட கேட்கணும். ஓசூர் ஹாஸ்டலில் அவளுக்குன்னு இருக்கிறது ஒரு கட்டிலும் ஒரு லாக்கரும். 'இந்தச் சுவர் இந்தக் கலர்தான்'னு அவளே முடிவு பண்ற ஒரே இடம் அந்த அரண்மனை. அதை நேர விரயம்னு சொல்றவங்க பெரும்பாலும் தனி ரூம் வெச்சிருக்கிறவங்க என்பது என் சந்தேகம்.

ஆனா வாடகைக்காரர் மாதிரி இருங்க. மாசம் இவ்வளவுதான்னு ஒரு தொகை வெச்சுக்கோங்க, அதுவும் போனாப் போகட்டும்னு விடக்கூடிய காசா இருக்கட்டும். அலங்கரிச்ச வீட்டோட அக்கவுன்ட் விற்பனைக்குன்னு டெலிகிராமில் வர்ற மெசேஜை நம்பாதீங்க. பெரும்பாலான கேம் நிறுவனங்கள் அதை அனுமதிக்கிறதே இல்லை. காசும் போகும், அக்கவுன்ட்டும் போகும். வீட்டை ஒரு தடவை வாசலிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் நடந்து ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கோங்க.

தங்கச்சி பண்ணிட்டா. நாலு நிமிஷ வீடியோ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் முன்னாடி இல்லாத ஒரு அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில். "இது பாட்டி ரூம். முட்டி வலிக்கும்ல, அதான் நூலகத்தையே கீழ கொண்டுவந்துட்டேன்"னு வாய்ஸ் நோட் போட்டிருந்தா.