மலைநாட்டு வழியும் வழிகாட்டியும்

வாழும் ஊரை விட்டுப் பிறநாடு சென்று, மலையும் காடும் கடலும் கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பாய வேட்கை. அவ்வேட்கை இக்காலத்தில் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்து நிற்கின்றது. வெப்பமண்டலத் தீவுகளை நாடி ஆண்டுதோறும் செல்வோர் பலர். அவர்களை மலையேற்றியும், காட்டினுள் அழைத்துச் சென்றும், படகிலேற்றித் திமிங்கிலங் காட்டியும் வாழ்க்கை நடத்துவோரும் பலர். இங்ஙனம் வழிகாட்டுவோரின் கடமை யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். பொதுவிற் பேசுதலினும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தருமாதலின், நம் தென்கரைக்கு அணித்தாய இலங்கைத் தீவையும், அதனுள்ளும் தேயிலை விளையும் மலைநாட்டையும் எடுத்துக்கொள்கின்றோம்.

வழிகாட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிகூறி அனுப்புதலே அவற்றுட் பெரும்பாலனவற்றின் அமைப்பு. கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம், மலைவழிச் செலவை மிக விரிவாகக் கூறுவது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு உரைக்கப்படுவன யாவை? பன்றிக்கு வைத்த பொறி உள்ள இடமும், பாம்பு உறையும் குழி உள்ள இடமும் சொல்லப்படுகின்றன. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்பும் முறையும், வழுக்குநிலத்தைக் கடக்கும் முறையும் சொல்லப்படுகின்றன. அவ்வளவில் நின்றுவிடவில்லை. வழியில் வாழும் கானவர் யாவர், கோவலர் யாவர், உழவர் யாவர், அவரவர் இல்லத்திற் கிடைக்கும் உணவு யாது என்பனவும் சொல்லப்படுகின்றன. இவற்றையெல்லாம் சொல்பவனோ, அவ்வழியே தான் நடந்து வந்தவன்.

ஆகவே, நல்ல வழிகாட்டிக்கு வேண்டுவன மூன்று என்பது இதனாற் போதரும். வழியின் ஏதத்தை உரைத்தல் ஒன்று; வழியில் வாழும் மாந்தரை அறிவித்தல் மற்றொன்று; சொல்பவன் அவ்வழியைத் தன் கால்களாலும் வாழ்வாலும் அறிந்தவனாயிருத்தல் மூன்றாவது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இலங்கை மலைநாட்டுச் சுற்றுலாவை நோக்குவோம்.

முதலாவது கடமை ஓரளவு செவ்வனே நடைபெறுகின்றது என்றே கூறலாம். ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்திற்கு 2,100 மீட்டர் உயரத்தது. 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலைநீர் அங்கே ஊறுகின்றது. அதன் ஓர் எல்லையில் நிலம் திடீரென 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகின்றது. அவ்விடத்தை 'உலக முடிவு' என்பர். பகல் ஏறுமுன் மூடுபனி எழுந்து காட்சியை மறைத்துவிடுமாதலின், வழிகாட்டிகள் பயணிகளை விடியுமுன்னரே எழுப்பி அழைத்துச் செல்கின்றனர். பூங்கா வாயிலிற் பிளாத்திக்கு உறைகளைச் சோதித்து நீக்குகின்றனர். சிவனொளிபாத மலை 2,243 மீட்டர் உயரமுடையது. டிசம்பர் முழுமதி தொடங்கி மே முழுமதி வரையில் அதன்மேல் ஏறுவோர் தொகை மிகுதி. நல்லதண்ணி என்னும் தமிழ்ப்பெயருடைய ஊரிலிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகளை இரவில் ஏறி ஞாயிறு எழுதலைக் காண்பர். எங்கே இளைப்பாறுதல் வேண்டும், எவ்வளவு குளிருக்கு ஆடை வேண்டும் என்பவற்றை வழிகாட்டி சொல்லாவிடின் புதியவர் இடர்ப்படுவர்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வாப் புயல் வந்தபோது, அம்மலைநாட்டிற் பெருமண்சரிவுகள் நேர்ந்து உயிர்ச்சேதம் மிகுந்ததை நாம் அறிவோம். எந்தச் சரிவு நம்பத்தக்கது, எந்த ஓடை மழையிற் பெருகும் என்பதை அம்மண்ணில் வாழ்பவனே நன்கறிவான். இது மூன்றாவது கடமைக்கும் உரிய செய்தியாதலின் பின்னர் அதனை நோக்குவோம்.

நிற்க. இரண்டாவது கடமையே பெரிதும் குறைபட்டுக் கிடக்கின்றது என்பது எம் கருத்து. தேயிலைத் தொழிற்சாலைக்குட் பயணிகளை அழைத்துச் சென்று, கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் ஆகிய ஐந்து செயல்களையும் ஒழுங்காக விளக்குகின்றனர். இறுதியில் ஒரு கிண்ணந் தேநீரும் கிடைக்கின்றது. தோட்டத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம்பிடிக்கவும் விடுகின்றனர். அப்பெண்கள் யாவர், எவ்வாறு அங்கு வந்தனர், அவர் பேசும் மொழி யாது என்பவற்றைச் சொல்லாமலே வண்டி பெரும்பாலும் புறப்பட்டுவிடுகின்றது. இலையின் வரலாறு சொல்லப்படுகின்றது. இலையைப் பறித்த கையின் வரலாறு சொல்லப்படுவதில்லை.

அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம்முதல், நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வறியோர் கங்காணிகளால் திரட்டப்பட்டு அத்தீவிற்குச் சென்றனர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்குமென்று ஆசை காட்டி அழைத்தனர் என்பது அம்மக்களிடைப் பின்னர் வழங்கிய செய்தி. தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தே சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் பற்றி அழிக்கவே, மலைகளெல்லாம் தேயிலை மயமாயின. காட்டை வெட்டியோரும், கன்றை நட்டோரும், பாதை அமைத்தோரும் இத்தொழிலாளரே. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. மீண்டோருள் ஒரு பகுதியினரே நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டவர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டில், அவர்தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்து சென்றனர்.

அம்மலைநாட்டில் இப்பொழுது 'பெக்கோ' நடைபாதை என்னும் நெடும்பாதை ஒன்று புகழ்பெற்று விளங்குகின்றது. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் அப்பாதை, 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. தேயிலைத் தரம் ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. அது பெரும்பாலும் புதிதாக வெட்டிய பாதையன்று; தோட்டங்களுக்குள் நூறாண்டாக வழங்கிவந்த பழம்பாதைகளை இணைத்து அமைத்ததாகும். பெரட்டுக் களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து லயத்திற்கும் கூடை சுமந்து நடந்தோரின் அடிச்சுவட்டிலேயே இன்று பயணி நடக்கின்றான். ஹப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில் 'லிப்டன் இருக்கை' என ஓர் உச்சி உண்டு. தோட்ட முதலாளியாகிய தாமஸ் லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களை நோக்கிய இடமென்று காட்டுவர். அமர்ந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. அவ்வுச்சிவரை பாதை வெட்டினோர் பெயர் ஒன்றேனும் எவர்க்குந் தெரியாது. இதனை ஒரு சொல்லாலேனும் நினைவூட்டுதல் வழிகாட்டியின் கடமையன்றோ?

இதற்குத் தடை கூறுவார் இருவகையினர். ஒரு சாரார், பயணி ஓய்வு நாடி வருகின்றான், அவனிடம் துயரக் கதை பேசுதல் தகாது என்பர். யாம் வேண்டுவது ஒப்பாரியன்று, உண்மை. சிகிரியாக் குன்றினைக் காட்டும் வழிகாட்டி, தந்தையைக் கொன்று அரசெய்திய காசியப்பன் கதையைச் சொல்லாமல் விடுகின்றானா? அக்கதை கேட்டுப் பயணி மகிழ்ச்சி குன்றித் திரும்புவதில்லை. குன்று அவனுக்கு மேலும் பொருளுடையதாகின்றது. தேயிலை மலையும் அத்தகையதே. மற்றொரு சாரார், ஏழை மக்களின் வாழ்வைப் பயணிக்குக் காட்டுதல் அவர்களைக் காட்சிப்பொருளாக்கும் என்பர். இத்தடை வலிமையுடையது, யாமும் அதனை மதிக்கின்றோம். லயத்தின் வாயிலில் நின்று பிறர் அடுப்பை எட்டிப் பார்த்தல் எவ்வாற்றானும் இழிவே. ஆயின், வரலாற்றைச் சொல்லாது விடுதல் இதற்கு மருந்தன்று. அதனைச் சொல்லுதற்கு உரியவரே சொல்லுமாறு செய்தலே மருந்து.

இங்கேதான் மூன்றாவது கடமை வந்து பொருந்துகின்றது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளைப் பல வகையாகப் பிரித்து உரிமம் வழங்குகின்றது. நாடு முழுவதற்கும் உரியவர், வண்டியும் ஓட்டி வழியும் காட்டுவோர் என்னும் வகையினரோடு, ஒரு வட்டாரத்திற்கு உரியவர், ஓர் இடத்திற்கே உரியவர் என்னும் வகையினரும் உண்டு. பின்னைய இரு வகையினுள் தோட்டத்திற் பிறந்து வளர்ந்த இளைஞரும் இளம்பெண்டிரும் பெருந்தொகையினராகச் சேர்தல் வேண்டும்; அவர்க்கு ஆங்கிலமும் பிறமொழிகளும் பயிற்றுதல் வேண்டும். அவர்க்குத் தெரிந்தவை நூல்களில் அரிதாகவே கிடைக்கும். துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரையன்றி, மக்கள் வழங்கும் தமிழ்ப்பெயரும் பல தோட்டங்களுக்கு உண்டு. அப்பெயர் ஏன் வந்தது, எவ்விடத்தில் அட்டை மிகுதி, எந்தக் கோயிலில் எப்போது திருவிழா, எச்சரிவு பெருமழையில் வழுக்கும் என்பவற்றைத் தன் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவள் சொல்லும்போது, பயணி அவளை இரங்கத்தக்கவளாகக் காணான். தன் ஊரை நன்கறிந்த ஆசிரியையாகவே காண்பான். கூலியாகக் கிடைக்கும் பொருளினும் இம்மதிப்புப் பெரிது. பொருளும் சிறிதன்று, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தொன்றையே நம்பியிருந்த குடும்பத்திற்கு மற்றொரு தொழில் திறக்கும்.

இறுதியாக, நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியபின், இலங்கைச் செலவு நம்மவர்க்கு முன்னினும் எளிதாகத் தோன்றுகின்றது. விடுமுறையில் அங்குச் செல்வோர் மலைநாட்டையும் காணாது திரும்பார். அங்ஙனம் செல்லுங்கால் வழிகாட்டியிடம் மூன்று வினாக்கள் வினவுமின்: இவ்வழியில் அஞ்சத்தக்கது யாது? இவ்வழியில் வாழ்வோர் யாவர்? நீவிர் இவ்வூரினரோ? மூன்றாவது வினாவிற்கு 'ஆம்' என விடையிறுப்போரையே தேடிப்பிடித்து அமர்த்திக்கொள்ளுமின். நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. அவர் பேசுவது நம் மொழியே. நம் பாட்டனாரோடு பிறந்தோர் சிலரும் ஒருகால் அவ்வழியே நடந்திருத்தல் கூடும். அதனைக் கேட்டறியாமல், மூடுபனியையும் பசுமையையும் மட்டும் படம்பிடித்துக்கொண்டு மீளுதல் தமிழ் கற்கும் மாணவர்க்கு அழகன்று என்பதே எம் துணிபு.