பஸ் வருகிற கல்லூரியா, பிள்ளை விரும்புகிற கல்லூரியா?

பிளஸ் 2 முடிவு வந்துவிட்டால் ஓமலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கணினி மையங்களில் கூட்டம் கூடிவிடும். ஒரு கையில் மதிப்பெண் பட்டியல், இன்னொரு கையில் சாதிச் சான்றிதழ். அந்தக் கூட்டத்தில் நம் காலனிகளிலிருந்து வருகிற பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

இந்த முறை பார்த்த ஒரு தாயைச் சொல்ல வேண்டும். அவருடைய மகனுக்கு வேதியியல் பிடித்த பாடம். கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்கிறான். கணிதத்தில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 80. கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்து, மற்ற இரண்டிலும் பாதியைக் கூட்டினால் 200-க்கு 162 கட்-ஆஃப். அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் புள்ளையை எப்படிங்க அனுப்பறது? இந்த காலேஜ் பஸ் நம்ம ஊருக்கே வருதுங்க." பஸ் வரும் அந்தக் கல்லூரியில் அவன் கேட்கும் படிப்பே இல்லை.

நம் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது மதிப்பெண் இல்லை, பஸ்தான். பஸ் இல்லாவிட்டால் வீடு தேடி வரும் புரோக்கர். இந்த வழக்கத்தை விட வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

கெமிக்கல் என்றால் என்ன?

வேதிப் பொறியியல் என்பது ஆய்வகத்தில் குடுவையைக் குலுக்குகிற படிப்பு அல்ல. குடுவையில் நடப்பதை ஆயிரம் லிட்டர் தொட்டியில், தீப்பிடிக்காமல், வெடிக்காமல், நஷ்டமில்லாமல், ஊர்த் தண்ணீரைக் கெடுக்காமல் நடத்துவது எப்படி என்று கற்றுத் தருகிற படிப்பு.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. சேலம் மாவட்டத்து சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலை வடித்து, தொட்டியில் தெளியவைத்து, காயவைத்து ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். பிரித்தல், வடித்தல், உலர்த்தல், கழிவுநீரைச் சுத்திகரித்தல் என்று வேதிப் பொறியியல் பாடப் புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் அதில் இருக்கின்றன. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, தண்ணீரையும் மின்சாரத்தையும் நம்பி மேட்டூரில் ரசாயனத் தொழிற்சாலைகள் எழுந்தன. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. இந்த இடங்களிலெல்லாம் மூட்டை தூக்கியவர்களிலும், தொட்டி கழுவியவர்களிலும், கல் உடைத்தவர்களிலும் நம் அப்பாக்களும் அம்மாக்களும் உண்டு. தொட்டியைக் கழுவியவரின் பிள்ளை தொட்டியை வடிவமைக்கிற மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசை ஆகாது.

எங்கே படிப்பது?

ஓமலூரிலிருந்து சேலம் போகும் வழியில், கருப்பூரில் 1966 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. உலோகவியல் பொறியியல்கூட அங்கே உண்டு. ஆனால் வேதிப் பொறியியல் இல்லை. ஆகவே இந்தப் படிப்பு வேண்டும் என்கிற பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போயே ஆக வேண்டும். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புரோக்கர்கள் சொல்வார்கள்: "எந்த காலேஜ்ல படிச்சாலும் சர்ட்டிபிகேட் அண்ணா யுனிவர்சிட்டிதானே." சான்றிதழில் பெயர் இருக்கலாம். ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரி வேறு, அதனிடம் இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரி வேறு. ஆசிரியர், ஆய்வகம், நூலகம், வேலைக்கு ஆள் எடுக்க வருகிற நிறுவனங்கள் என எல்லாவற்றிலும் வித்தியாசம் உண்டு. கட்டணத்திலும் உண்டு, வளாகக் கல்லூரியில்தான் குறைவு.

வேதிப் பொறியியலுக்கு அந்தச் சொந்த வளாகம் சென்னை கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. 1944-ல் தொடங்கி, 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அடுத்து, 2013-ல் தமிழக அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவன வளாகத்திலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் படிக்கலாம். கோவை சி.ஐ.டி. அரசு உதவி பெறும் கல்லூரி. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் சில பிரிவுகள் சுயநிதிதான் என்பதால், பாடப்பிரிவுக்கு எதிரே எஸ்.எஸ். என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்குப் பிறகே பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற சுயநிதிக் கல்லூரிகள், அதுவும் கவுன்சலிங் வழியாக மட்டும்.

ஜே.இ.இ. எழுதியவர்களுக்கு திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது. பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 2024-ல் பச்சமலையிலிருந்து அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் அங்கே சேர்ந்தார். அவர் எடுத்த படிப்பு வேதிப் பொறியியல். கூலித் தொழிலாளியின் மகள் அவர். மலையிலிருந்து இறங்கி அவர் அங்கே போக முடியும் என்றால், ஓமலூர்ச் சமவெளியிலிருந்து நம் பிள்ளையும் போக முடியும்.

உரிமையைத் தெரிந்துகொள்வோம்

கவுன்சலிங்கில் எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் பதியலாம். இதில் நம் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு, "நமக்கெல்லாம் அங்கே கிடைக்காது" என்று கிண்டியையும் கோவையையும் பட்டியலிலேயே எழுதாமல் விடுவது. வரிசை என்பது ஆசையின் வரிசை. முதலில் எழுதிய இடம் கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். எழுதியதற்காக எதுவும் பறிபோகாது. ஒதுக்கீடு வந்த பிறகும், அதை வைத்துக்கொண்டே மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்க வழி உண்டு.

ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 2009-ல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கு, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு மாநிலங்களின் அதிகாரத்தை ஏற்று அளித்த தீர்ப்பு மேலும் பலம் சேர்த்தது. 31 விழுக்காடு பொதுப் போட்டி இடங்கள் வேறு யாருக்கோ ஒதுக்கியவை அல்ல. மதிப்பெண் இருந்தால் அதிலும் நமக்கு இடம் உண்டு.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. தூரம் போனால் விடுதிச் செலவாகுமே என்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் சந்தேகம் வந்தால் புரோக்கரிடம் போக வேண்டாம். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே கவுன்சலிங் உதவி மையம் இருக்கிறது. அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

கடன் வாங்காதீர்கள்

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. "சேர்ந்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநில அரசின் கவுன்சலிங்குக்குள் வராதவை, 7.5 விழுக்காட்டுச் சலுகை அங்கே செல்லாது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு தர 2005-ல் அரசியல் சட்டத்தின் 93-வது திருத்தம் வழி திறந்தது. அதை நடைமுறைப்படுத்தும் மத்தியச் சட்டம் இன்றுவரை வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்து ஆட்டை விற்று, வட்டிக்கு வாங்கி அங்கே சேர்த்த குடும்பங்கள் மூன்றாம் ஆண்டில் மூச்சுத் திணறுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் பணம் வருவதற்குள் கல்லூரி கேட்டுவிடுகிறது. கட்டணம் பாக்கி என்று அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கு எதிரானது. இதை மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உதவித்தொகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்ணலின் வாழ்க்கையே சாட்சி. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போனார் அம்பேத்கர். 1916-ல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பணம் சேர்த்துக்கொண்டு 1920-ல் மறுபடி போய் முடித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி போகும் வாய்ப்பு அமையாது. ஆகவே உதவித்தொகை நேரத்துக்கு வர வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை அல்ல.

தூரமா, பயமா?

அந்தத் தாய் தூரம் என்று சொன்னதற்குள் இன்னொன்று இருக்கிறது. வெளியே சொல்லாவிட்டாலும் ஓமலூரில் நம் எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூன் 23 அன்று வீட்டிலிருந்து புறப்பட்டுப் போன பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திரும்பி வரவில்லை. மறுநாள் ரயில் பாதையில் உடலாகக் கிடைத்தார். அவர் தாயின் விடாத போராட்டத்தில், 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு பிள்ளையைப் படிக்க அனுப்பும் ஒவ்வொரு தாய்க்கும் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கோகுல்ராஜ் தூர தேசத்தில் கொல்லப்படவில்லை. நம் பக்கத்து மாவட்டத்தில், நாம் நாள்தோறும் பஸ் ஏறிப் போய்வருகிற ஊர்களுக்கு நடுவே கொல்லப்பட்டார். பக்கத்தில் இருப்பது பாதுகாப்பு ஆகிவிடாது. தூரம் போவதே ஆபத்தும் ஆகிவிடாது. சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கிய சிதம்பரத்துக்கு, எங்கெங்கிருந்தோ நம் பிள்ளைகள் படிக்கப் போயிருக்கிறார்கள். கிண்டியிலும் காரைக்குடியிலும் நம் அண்ணன்கள், அக்காக்கள் படித்திருக்கிறார்கள். போவதற்கு முன் அவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள்: விடுதி எப்படி, வகுப்பில் நடத்தும் விதம் எப்படி, புகார் சொன்னால் கேட்கிறார்களா என்று. தரவரிசைப் பட்டியலில் இல்லாத பதில்கள் அவர்களிடம் கிடைக்கும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும்போதே கவுன்சலிங் பற்றிச் சொல்லித்தர ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். உதவித்தொகையைக் கல்லூரி கட்டணம் கேட்கும் முன்பே தர வேண்டும். மேட்டூரும் சேகோ ஆலைகளும் இருக்கும் இந்த மாவட்டத்தில், கருப்பூர் அரசுக் கல்லூரியில் வேதிப் பொறியியல் பிரிவைத் தொடங்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது விருப்பப் பட்டியல். அந்தத் தாயும் மகனும் கடைசியில் கணினி முன் உட்கார்ந்தார்கள். முதல் வரியில் கிண்டியை எழுதினான். 162-க்கு அது கிடைப்பது கடினம் என்று அவனுக்கே தெரியும். "இருக்கட்டும்ங்க, எழுதி வைக்கிறேன்" என்றான். அதற்குக் கீழே சிதம்பரம், காரைக்குடி, கோவை. ஊருக்கு பஸ் வருகிற கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.